ரோஜர் சாகாத படம்

கிறிஸ் வைட்ஸ் இயக்கி 2007 டிசம்பரில் வெளிவந்த ‘த கோல்டன் காம்பஸ்’ இப்படி முடிகிறது. வடதுருவ வானில் ஒரு பறக்கும் கலம் மிதந்து செல்கிறது. அதில் லைரா என்ற சிறுமியும் அவளுடைய தோழன் ரோஜரும் இருக்கிறார்கள். இருவரும் லைராவின் தந்தை அஸ்ரியல் பிரபுவைத் தேடிப் போகிறார்கள். இனி எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்ற தோரணையில் அவள் பேசுகிறாள். இசை எழுகிறது, படம் முடிந்துவிடுகிறது.

படத்துக்கு மூலமான, பிலிப் புல்மனின் மூன்று நாவல் வரிசையின் முதல் நாவலில் இதற்குப் பிறகும் மூன்று அத்தியாயங்கள் உண்டு. அவற்றில் ரோஜர் கொல்லப்படுகிறான். கொல்பவர் அஸ்ரியல். ரோஜரை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவள் லைரா.

நாவல் வெளிவந்தது 1995இல். முடிவை உடைத்துவிட்டதற்கு இனி யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் படத்தை எடைபோடவும் வழியில்லை. ஏனென்றால் படத்தின் தோல்வியைப் பற்றி இதுவரை சொல்லப்பட்ட காரணங்களில் பெரும்பாலானவை பக்கக் காரணங்கள். மதத்துக்குப் பயந்து கதையை மழுக்கினார்கள், அவசர அவசரமாக ஓட்டினார்கள், கிராஃபிக்ஸை நம்பினார்கள் என்றெல்லாம் எழுதியாயிற்று. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ரோஜரின் சாவை எடுத்துவிட்டால் அந்த நாவலில் மீதமிருப்பது என்ன என்ற கேள்வியைக் கேட்டால் மற்ற குறைகளெல்லாம் தாமாகவே வரிசையில் வந்து நின்றுகொள்ளும்.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். நாவலில் இருந்தது படத்தில் இல்லை என்பது மட்டும் ஒரு குற்றமாகாது. ‘பொன்னியின் செல்வன்’ 2022இல் திரைக்கு வந்தபோது நம்மவர்கள் ஒரு மாதம் அந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்: அந்த இடம் எங்கே, இந்த வசனம் எங்கே, அவர் ஏன் இத்தனை குறைவாக வருகிறார். வாசகருக்கு அந்த உரிமை உண்டு. திறனாய்வுக்கு அது போதாது. நானூறு பக்க நாவலை இரண்டு மணி நேரத்தில் அடக்குகிறவர் வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டியதன்மேல் எது சாய்ந்து நின்றது, அது போனபின் மீதி நிற்கிறதா என்று பார்ப்பதே சரியான விசாரணை. இங்கே அது நிற்கவில்லை.

நாவலின் உலகத்தைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். நம் உலகத்தைப் போன்றே, ஆனால் வரலாறு வேறு பக்கம் திரும்பிவிட்ட ஓர் உலகம். அதில் ஆக்ஸ்ஃபோர்டு இருக்கிறது, ஜோர்டன் என்ற கல்லூரி இருக்கிறது, மாஜிஸ்டீரியம் என்ற திருச்சபை ஆட்சியின் கழுத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு மனிதரின் உயிரும் அவருக்கு வெளியே ஒரு விலங்கின் வடிவில் கூடவே நடமாடும். அதற்கு டீமன் என்று பெயர். குழந்தைகளின் டீமன் நினைத்தபடி வடிவம் மாறும். பருவம் அடைந்தபின் ஒரே வடிவத்தில் நிலைத்துவிடும். ஒருவரின் டீமனை இன்னொருவர் தொடக்கூடாது. ஆளும் டீமனும் சில அடிகளுக்குமேல் விலகினால் இருவருக்கும் தாங்கமுடியாத வலி. இந்த ஒரு கற்பனைதான் புல்மனின் பெரிய கண்டுபிடிப்பு. கவசம் அணிந்த கரடிகளும் பறக்கும் சூனியக்காரிகளும் வேறு நாவல்களில் வேறு பெயர்களில் கிடைத்துவிடுவார்கள். உடம்புக்கு வெளியே உலவும் உயிர், பேசுகிற, பயப்படுகிற, சண்டைபோடுகிற உயிர், இதற்குமுன் இந்த அளவுக்கு முழுமையாக யாருக்கும் கைகூடியதில்லை.

வடக்கே போல்வாங்கர் என்ற இடத்தில் மாஜிஸ்டீரியத்தின் ஆட்கள், திருடிக் கொண்டுவந்த குழந்தைகளை அவர்களின் டீமன்களிடமிருந்து வெட்டிப் பிரிக்கிறார்கள். ரோஜரையும் கொண்டுபோய்விட்டார்கள். அவனை மீட்க லைரா புறப்படுகிறாள். சிறுவர் சாகசக் கதைக்கு இது போதும். புல்மன் இதற்கு அடியில் இன்னொரு கதையை ஓடவிட்டிருக்கிறார். இரண்டாம் அத்தியாயத்திலேயே ஜோர்டன் கல்லூரியின் தலைவர் நூலகரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்: இந்தப் பெண் ஒரு பெரிய துரோகம் செய்யப்போகிறாள், செய்வது தெரியாமலே செய்யப்போகிறாள். லைராவுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். அதன்பிறகு அவள் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் இரண்டு அர்த்தத்தோடு விழுகிறது. அலிதியோமீட்டர் என்ற உண்மை சொல்லும் கருவியை அப்பாவிடம் சேர்க்கவேண்டும் என்று அவள் பனியையும் கரடியையும் கடந்து போகிறாள். அப்பாவுக்கு அந்தக் கருவி தேவையே இல்லை. இன்னோர் உலகத்துக்குப் பாலம் திறக்க அவருக்குப் பெரும் ஆற்றல் வேண்டும். குழந்தையை டீமனிடமிருந்து வெட்டும்போது பீறிடும் ஆற்றல் அது. கதவைத் திறந்து மகளைப் பார்த்ததும் அவர் நடுங்கிப்போகிறார். பின்னால் நிற்கும் ரோஜரைப் பார்த்தபின்தான் அவருக்கு மூச்சு வருகிறது. இரண்டாம் முறை படிக்கிறபோது நெஞ்சில் தைக்கிற இடம் அது.

கிரேக்க அவலநாடகத்தின் அமைப்பு இது. தப்பிக்க ஓடுகிற பாதையே விதியை நோக்கிப் போகிற பாதையாக இருக்கும். அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான கதையில் வைத்ததால்தான் இந்த நாவல் 1995க்கான கார்னகி பதக்கத்தைப் பெற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பரிசின் எழுபதாண்டு நிறைவையொட்டி 2007இல் வாசகர்கள் வாக்களித்து, பரிசு பெற்ற நூல்களிலேயே இதைத்தான் மிகச் சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு இந்த அமைப்புக்கும் பங்கு இருக்கவேண்டும். படம் வந்ததும் அதே 2007தான்.

படம் தொடங்குவது எப்படி என்று பாருங்கள். செராஃபினா பெக்கலா என்ற சூனியக்காரியின் குரலில் ஒரு முன்னுரை. பல உலகங்கள் இருக்கின்றன, இந்த உலகத்தில் உயிர் வெளியே இருக்கும், அதற்கு டீமன் என்று பெயர், தூசு என்று ஒன்று இருக்கிறது, அலிதியோமீட்டர் என்ற கருவி ஒன்று இருக்கிறது. நாவலில் நூறு நூறு பக்கமாக லைராவோடு சேர்ந்து நாமும் தட்டித் தடவிக் கண்டுபிடிப்பதை இரண்டு நிமிடத்தில் வாய்ப்பாடாக ஒப்பித்துவிடுகிறார்கள். நாவலின் முதல் பக்கத்தில் டீமன் என்றால் என்ன என்று புல்மன் விளக்கவே மாட்டார். ஒரு சிறுமியும் அவளுடைய டீமனும் இருட்டிய மண்டபத்தில் ஒளிந்து நகர்கிறார்கள். அவ்வளவுதான். அது என்ன விலங்கு, ஏன் பேசுகிறது, அவள் ஏன் அதைக் கண்டு வியக்கவில்லை என்று வாசகர் தானே கூட்டிக் கழித்துப் புரிந்துகொள்ளவேண்டும். குழந்தைகள் இதைச் சிரமமில்லாமல் செய்கிறார்கள். ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்குத்தான் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த முதல் அத்தியாயத்திலேயே இன்னொரு மாற்றம். பார்வைக்குச் சின்னது, எனக்கு அது மிகவும் முக்கியமாகப் படுகிறது. அஸ்ரியல் குடிக்கவிருக்கும் டோக்காய் மதுவில் விஷம் கலக்கப்படுகிறது. ஒளிந்திருந்து பார்த்த லைரா அவரைக் காப்பாற்றுகிறாள். நாவலில் விஷம் கலப்பவர் கல்லூரித் தலைவர். லைராவை எடுத்து வளர்த்த, அவள்மேல் பாசம் உள்ள, பின்னால் அவளுக்கு அலிதியோமீட்டரையும் கொடுத்தனுப்பும் அதே மனிதர். நல்லவர் ஒருவர் பெரிய கேட்டைத் தடுக்க நினைத்துக் கொலைக்குத் துணிகிறார். அவர் பயந்தது தவறில்லை என்று கடைசி அத்தியாயம் நிரூபிக்கிறது. அஸ்ரியல் அன்றே செத்திருந்தால் ரோஜர் பிழைத்திருப்பான். லைரா தன் தோழனின் சாவுக்கு முதல் கல்லை வைப்பது அப்பாவைக் காப்பாற்றிய அந்த நொடியில்தான்.

படத்தில் விஷம் கலப்பவர் மாஜிஸ்டீரியத்தின் தூதர். சைமன் மெக்பர்னி அந்தப் பாத்திரத்தில் பாம்பு நெளிவது போல நடித்திருக்கிறார். ஆளைப் பார்த்ததுமே கெட்டவன் என்று தெரிந்துவிடும். கெட்டவன் கெட்டது செய்தான், நல்லவள் தடுத்தாள், கதை நகர்ந்தது. படத்தின் முடிவில் நடக்கப்போகும் விபத்து இங்கேயே தொடங்கிவிட்டது. முடிவை வெட்டியது படம் முடியும் தறுவாயில் எடுத்த தீர்மானம்தான். ஆனால் அந்த முடிவு நின்றிருக்கவேண்டிய அஸ்திவாரத்தைத் திரைக்கதையே ஏற்கனவே தோண்டி எடுத்துவிட்டிருந்தது. ரோஜர் சாவதைப் படத்தின் கடைசியில் அப்படியே ஒட்டவைத்திருந்தாலும், எச்சரிக்கை இல்லாத, காரணம் இல்லாத ஓர் அதிர்ச்சியாகத்தான் அது இருந்திருக்கும்.

படத்தின் மிகப் பெரிய கோழைத்தனம் நடுவில் வருகிறது. நாவலில் டோனி மக்காரியோஸ் என்று ஓர் ஏழைச் சிறுவன் உண்டு. லண்டன் தெருவில், குழந்தைகளைத் திருடும் மிஸஸ் கோல்ட்டரின், அதாவது லைராவின் தாயின், இனிப்புப் பேச்சுக்கு மயங்கிப் பிடிபடுகிறவன். பின்னர் வடக்கே, பனியில் தனித்துக் கிடக்கும் ஒரு குடிசையில் பேய் இருப்பதாக ஊரார் நடுங்குகிறார்கள். லைரா கரடியின் முதுகில் ஏறிப் போய்ப் பார்க்கிறாள். மீன் உலர்த்தும் கொட்டகையில் டோனி உட்கார்ந்திருக்கிறான், டீமன் இல்லாமல். வெட்டப்பட்ட தன் டீமனை அணைத்துக்கொள்வது போல ஒரு காய்ந்த மீன் துண்டை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவளுடைய முதல் உணர்ச்சி இரக்கம் அல்ல, அருவருப்பு. தலையில்லாத மனிதனைப் பார்ப்பது போன்ற குமட்டல். அதை மீறி அவள் அவனைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அன்றிரவே அவன் இறந்துவிடுகிறான். காலையில் பார்த்தால் அவன் கையிலிருந்த மீனை யாரோ எடுத்து நாய்க்குப் போட்டிருக்கிறார்கள். லைரா வெறிகொண்டதைப் போலக் கத்துகிறாள். பிறகு ஒரு பொற்காசில் அவன் டீமனின் பெயரைக் கீறி, அதை அவன் வாயில் வைத்து அனுப்புகிறாள்.

நாவல் முழுவதற்கும் உரைகல் இந்த நாலைந்து பக்கங்கள். டீமனை வெட்டுவது என்றால் என்ன என்று அதுவரை நாம் கேள்விப்பட்டிருந்தோம், இப்போது பார்க்கிறோம். இதைப் பார்த்துவிட்டதால்தான், பின்னால் போல்வாங்கரில் லைராவையே வெட்டும் கூண்டுக்குள் தள்ளும்போது நமக்கு உடம்பு பதறுகிறது. கடைசியில் அதே கதி ரோஜருக்கு நேரும்போது அங்கே விளக்கமே தேவைப்படுவதில்லை. மீனைக் கையில் கொடுத்ததுதான் எழுத்தாளரின் மேதைமை. உயிர் போன இடத்தில் எதையாவது வைத்து நிரப்பிக்கொள்ளும் அந்தக் குழந்தைக்காக ஒரு வரி இரங்கல்கூட எழுதாமல் நகர்ந்துவிடுகிறார்.

படத்தில் டோனி இல்லை. அவன் இடத்தில், படகுகளில் வாழும் ஜிப்ஷியர் குடும்பத்துப் பில்லி கோஸ்டா உட்கார்ந்திருக்கிறான். இந்த மாற்றத்தில் தவறில்லை, ஏற்கனவே அறிமுகமான பையன் என்றால் பார்வையாளருக்கு ஒட்டுதல் அதிகம். ஆனால் மீன் இல்லை. குமட்டல் இல்லை. சாவும் இல்லை. லைரா அவனைக் கொண்டுவந்து தாயிடம் சேர்க்கிறாள், தாய் கட்டிக்கொள்கிறாள், உடனே எதிரிகள் பாய்கிறார்கள், அடுத்த சண்டை. உயிரை வெட்டிய குழந்தை கொஞ்சம் வெளிறிப்போய்க் குளிரில் நடுங்குகிறவனாகத் தெரிகிறான். காய்ச்சல் என்று சொன்னாலும் நம்பலாம்.

இங்கே பட்ட காயம் ஆறவே இல்லை. படத்தில் மனிதர்கள் செத்தால் அவர்களுடைய டீமன்கள் பொன் துகள்களாக வெடித்துச் சிதறுகின்றன. அழகான காட்சி. கடைசிப் போரில் போல்வாங்கரைக் காக்கும் தாத்தாரியப் படைவீரர்கள் விழ விழ, அவர்களோடு ஓடிவந்த ஓநாய்கள் தீபாவளி மத்தாப்புபோலப் பொரிந்து அணைகின்றன. சாவு இவ்வளவு கண்ணுக்கு இதமாக இருக்கிற படத்தில் டீமனை இழப்பதைப் பற்றி யார் கவலைப்படப்போகிறார்கள்?

அந்தக் கடைசிப் போர் அங்கே வந்து சேர்ந்ததற்கும் ஒரு கதை உண்டு. நாவலின் வரிசை போல்வாங்கர், பிறகு ஸ்வால்பார்டில் கரடிகளின் அரண்மனை, பிறகு அஸ்ரியல். கூட்டமான சண்டையில் தொடங்கி, இரண்டு கரடிகளின் தனிச் சண்டைக்கு ஒடுங்கி, கடைசியில் ஒரு மலையுச்சியில் ஓர் அப்பா, ஓர் அம்மா, ஒரு மகள் என்று மூன்று பேருக்குள் சுருங்குகிற பயணம். படம் முதல் இரண்டையும் மாற்றிப்போட்டு, மூன்றாவதைத் தூக்கிவிட்டது. கரடிச் சண்டை முன்னால் வந்தது. போல்வாங்கர் உச்சக்கட்டம் ஆனது. அங்கே ஜிப்ஷியர்கள், சூனியக்காரிகள், கரடி, விமானி என்று அத்தனை பேரும் திரண்டு மோதுகிறார்கள். படத்தைத் தயாரித்த நியூலைன் நிறுவனத்துக்கு இது பழகிய வாய்பாடு. 2001 முதல் 2003 வரை ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்று பாகங்களையும் எடுத்துக் கொழித்தவர்கள் அவர்கள்தான். அடுத்த மூன்று பாகக் கற்பனைக் கதையைத் தேடி இங்கே வந்தார்கள். பெரிய போர் இல்லாமல் ஒரு கற்பனைக் கதை முடியலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தொடரின் முதல் படத்துக்கு 178 நிமிடம் கொடுத்தவர்கள் இதற்குக் கொடுத்தது 113 நிமிடம்தான் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

வைட்ஸுக்கு நியாயம் செய்யவேண்டும். அவர் வேலைக்கு வந்த கூலிக்காரர் அல்லர், நாவலின் வாசகர். டாம் ஸ்டாப்பர்ட் போன்ற பெரிய நாடகாசிரியர் எழுதிய திரைக்கதை ஏற்கனவே ஸ்டுடியோ கையில் இருந்தபோது, தானே நீண்ட கதைச்சுருக்கம் ஒன்றை எழுதி அனுப்பி வாய்ப்பைப் பெற்றார். 2004 கடைசியில், இத்தனை பெரிய தொழில்நுட்பச் சுமை தன்னால் ஆகாது என்று விலகினார். ஆனந்த் டக்கர் வந்தார், கருத்து வேறுபாட்டில் போனார், வைட்ஸ் திரும்பி வந்தார். இறுதிப் பகுதியைப் படமாக்கியும் இருந்தார்கள். பிறகு அதை இரண்டாம் பாகத்தின் தொடக்கத்துக்கு ஒத்திவைப்பதாக அறிவித்தார்கள். அந்த இரண்டாம் பாகம் வரவே இல்லை. படத்தொகுப்பு தன் கையை விட்டுப் போய்விட்டது என்று வைட்ஸ் பிற்பாடு வெளிப்படையாகவே வருந்தினார். நம்பலாம். ஆனால் விஷக் கோப்பையும் காய்ந்த மீனும் படத்தொகுப்பு மேசையில் மட்டும் தொலைந்தவை அல்ல. திரைக்கதையில் அவர் பெயர்தான் இருக்கிறது.

படத்தில் நல்லவை இருக்கின்றன, அவற்றைச் சொல்லத் தயக்கமில்லை. முதல் படத்தில் நடிக்கும் டகோட்டா புளூ ரிச்சர்ட்ஸ் லைராவின் முரட்டுத்தனத்தையும் பொய் சொல்லும் சாமர்த்தியத்தையும் கொண்டுவந்திருக்கிறார். இயன் மெக்கெல்லன் குரல்கொடுத்த யோரெக் என்ற கரடிக்கு எடை இருக்கிறது. கரடிகளின் சண்டை எதிராளியின் தாடை பறந்துபோகிற அளவுக்குக் கொடூரமாக, நாவலின் ஆவேசத்துக்குக் குறையாமல் வந்திருக்கிறது. காட்சி விளைவுகளுக்கு 2008இல் கிடைத்த ஆஸ்கர் தகுதியானதே. எல்லாவற்றுக்கும் மேலே நிக்கோல் கிட்மன். மிஸஸ் கோல்ட்டர் தன் டீமனான பொன்னிறக் குரங்கைக் கோபத்தில் அறைகிறாள். அறைந்த கையோடு அதை எடுத்து அணைத்துக்கொள்கிறாள். தன் உயிரைத் தானே அடிக்கிற பெண். நாவலின் சாரத்தை, நாவலின் உதவி இல்லாமல், வசனம் இல்லாமல், சில நொடிகளில் சினிமா மொழியில் பிடித்த இடம் அது. இதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு மற்றதையும் செய்யத் தெரிந்திருக்கும். அதனால்தான் எரிச்சல் கூடுகிறது. திறமையில்லாதவர்கள் கெடுத்த படமாக இருந்தால் இரண்டு பத்தியில் முடித்துவிடலாம்.

இனி திருச்சபை விவகாரம். மாஜிஸ்டீரியத்தைப் படம் மதச்சாயம் வெளுத்த ஒரு சர்வாதிகார அமைப்பாகக் காட்டுகிறது. வைட்ஸ் இதை 2004லேயே கோடிகாட்டியிருந்தார், புல்மனின் வாசகர்கள் அப்போதே கொதித்தார்கள். இவ்வளவு செய்தும் அமெரிக்காவில் கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு படத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. அவர்கள் வாதம் விநோதமானது: படம் அத்தனை மோசமில்லை, ஆனால் படத்தைப் பார்க்கிற பிள்ளைகள் புத்தகத்தை வாங்கிப் படித்துவிடுவார்கள்! அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் திரைப்பட அலுவலகம் படத்தைப் பாராட்டி ஒரு விமர்சனம் வெளியிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விமானி லீ ஸ்கோர்ஸ்பியாக நடித்த சாம் எலியட், அடுத்த பாகங்கள் வராமல் போனதற்குத் திருச்சபையின் எதிர்ப்பே காரணம் என்று பின்னர் சொன்னார்.

நான் இதை முழுதாக ஏற்கவில்லை. படம் அமெரிக்காவில் ஈட்டியது சுமார் 7 கோடி டாலர், தயாரிப்புச் செலவு 18 கோடி. அது தோல்விதான். ஆனால் மற்ற நாடுகளில் சுமார் 30 கோடி டாலர் வந்தது, கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளும் அவற்றில் அடக்கம். அந்தப் பணம் நியூலைனுக்குப் பயன்படவில்லை, செலவை ஈடுகட்ட வெளிநாட்டு உரிமைகளை முன்கூட்டியே விற்றுவிட்டிருந்தார்கள். 2008 பிப்ரவரியில் அந்த நிறுவனம் வார்னர் பிரதர்ஸுக்குள் கரைக்கப்பட்டது. இது வியாபாரக் கணக்கில் விழுந்த அடி. பாதிரியார்களின் சாபம் அளவுக்குமீறிப் பெரிதாக்கப்பட்டுவிட்டது. தவிர, மத உலகம் முழுவதும் புல்மனுக்கு எதிராகவும் இல்லை. அப்போது காண்டர்பரி பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ் 2004இல் புல்மனோடு ஒரே மேடையில் உரையாடினார், இந்த நாவல்களைப் பள்ளிகளில் மதக்கல்வி வகுப்புகளில் விவாதிக்கலாம் என்றும் சொன்னார். நாத்திகரான புல்மனின் நாவலுக்குப் பேராயர் பயப்படவில்லை. படம் எடுத்தவர்கள் பயந்தார்கள்.

கலை சார்ந்து பார்த்தாலும் திருச்சபையை மறைத்தது இரண்டாம் தரக் குறைதான். மாஜிஸ்டீரியத்துக்கு வேறு பெயரே வைத்திருந்தாலும், ரோஜரின் சாவும் அதற்குப் பிறகு வரும் லைராவின் யோசனையும் இருந்திருந்தால் புல்மனின் வாதம் உயிரோடு இருந்திருக்கும். தோழனின் உடலை விட்டு எழுந்தபின் அவளும் அவள் டீமனும், மாஜிஸ்டீரியம் பாவமாகக் கருதும் தூசைப் பற்றி யோசிக்கிறார்கள்: தூசு தீயது என்று சொன்னவர்கள் எல்லாரும் குழந்தைகளை வெட்டியவர்கள், அப்படியானால் தூசு நல்லதாக இருக்கலாம் அல்லவா? இந்தக் கேள்வியோடுதான் அவள் பாலத்தைக் கடந்து இன்னோர் உலகத்துக்குள் நடக்கிறாள். அதிகாரம் சொல்வதை நம்பாமல், அதிகாரத்தை எதிர்க்கிற அப்பாவையும் நம்பாமல், தன் கண்ணால் கண்ட துயரத்திலிருந்து ஒரு குழந்தை சிந்திக்கத் தொடங்குகிற இடம் அது. அஸ்ரியலும் மாஜிஸ்டீரியமும் ஒரே கத்தியைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நாவல் அங்கே சொல்லிவிடுகிறது. படத்தில் டேனியல் கிரெய்க் நடித்த அஸ்ரியல் கடைசிவரை தாடி வைத்த வீர ஆய்வாளராகவே இருக்கிறார்; அவர் கையில் கத்தி இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. படம் பார்த்த ஒரு சிறுவன் மாஜிஸ்டீரியம் கெட்டது, அஸ்ரியல் நல்லவர் என்று நம்பி வீட்டுக்குப் போவான். நாவலுக்கு நேர் எதிரான பாடம்.

சாவைக் காட்டினால் குழந்தைகள் தாங்கமாட்டார்கள், கூட்டம் வராது என்ற வாதத்துக்கும் விடை இருக்கிறது. 2003இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் நிக்கலஸ் ரைட்டின் நாடகவடிவத்தை நிக்கலஸ் ஹைட்னர் இயக்கி மேடையேற்றினார். மூன்று நாவல்களும் சேர்ந்து இரண்டு பகுதிகளாக ஆறு மணி நேரம். டீமன்கள் எல்லாம் பொம்மைகள், அவற்றை ஆட்டுகிறவர்கள் பார்வையாளர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ரோஜர் அங்கே சாகிறான். குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள், அடுத்த ஆண்டு மீண்டும் மேடையேற்றினார்கள். 2019 முதல் 2022 வரை பிபிசியும் எச்பிஓவும் சேர்ந்து மூன்று பருவங்களாகத் தொலைக்காட்சித் தொடர் எடுத்தார்கள். அதிலும் டோனிக்குப் பதில் பில்லி கோஸ்டாதான், ஆனால் அவன் சாகிறான், ஜிப்ஷியர்கள் அவனுக்கு இறுதிச்சடங்கு செய்கிறார்கள். முதல் பருவம் ரோஜரின் மரணத்தோடும் லைரா பாலத்தைக் கடப்பதோடும் முடிகிறது. தொடருக்கு அதன் குறைகள் உண்டு. கூட்டக் காட்சிகளில் டீமன்களைத் தேடவேண்டியிருக்கிறது, சில அத்தியாயங்கள் இழுக்கின்றன. இருந்தும் எந்தக் கதையைச் சொல்கிறோம் என்ற தெளிவு அதை எழுதிய ஜாக் தோர்னுக்கு இருந்தது. 18 கோடி டாலர் செலவழித்த படத்தைவிட மேடைப் பொம்மைகள் புல்மனுக்கு நெருக்கமாகப் போயின என்பது நம் தெருக்கூத்துக்காரர்களுக்கு வியப்பாக இருக்காது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். ‘த கோல்டன் காம்பஸ்’ நாவலைப் புரிந்துகொள்ளாமல் எடுத்த படம் அல்ல. எங்கே வலிக்கும் என்று மிகச் சரியாகத் தெரிந்துகொண்டு, அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொடாமல் விலகிப்போன படம். விஷம் கலந்த நல்லவர், மீனைக் கட்டிக்கொண்ட சிறுவன், தோழனைப் பலிக்கு அழைத்துப்போகும் சிறுமி ஆகிய மூவரையும் அகற்றிவிட்ட பிறகு கையில் இருப்பது அழகான தளங்களும் நல்ல நடிகர்களும் கொண்ட ஒரு பொருட்காட்சி. அடுத்த பாகம் வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற ஆறுதலையும் என்னால் ஏற்கமுடியவில்லை. ஒரு நாவலின் முடிவை அடுத்த படத்தின் தொடக்கமாக மாற்றினால் அது முடிவாக இருக்காது, முன்கதையாகிவிடும். குரங்கை அறையும் அந்தச் சில நொடிகளுக்காகவும் கரடிச் சண்டைக்காகவும் ஒருமுறை பார்க்கலாம். வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் படத்தை முதலில் போட்டுக்காட்டாதீர்கள். புத்தகத்தைக் கொடுங்கள். கடைசி மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டு அழுதுகொண்டு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.